காகிதக் கூழில் ஒரு மூளை

மருத்துவ மாணவர்கள் பிளாஸ்டிக் மூளையைக் கழற்றி மாட்டிப் படிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதற்கு முன்னோடியான ஒரு மாடல் பிணப் பஞ்சத்தில் பிறந்தது.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் உடற்கூறு படிக்கப் போதுமான உடல்கள் கிடைக்கவில்லை. தேவை அதிகம், வரத்து குறைவு என்றால் என்ன ஆகும்? கள்ளச் சந்தைதான்! கல்லறைகளைத் தோண்டினார்கள். எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று உடல்களை விற்றது 1828-இல் அம்பலமானது. 1832-இல் வந்த சட்டமோ, ஏழை விடுதிகளில் கேட்பாரற்று இறந்தவர்களைக் கல்லூரிகளுக்குக் கொடுத்தது. கிடைத்த உடலிலும் மூளைதான் சீக்கிரம் குழைந்துபோகும். ஃபார்மலினால் அதைக் கெட்டிப்படுத்தலாம் என்பது 1893-இல்தான் தெரிந்தது.

அப்போது மெழுகு மாடல்கள் இருந்தன. பார்க்க அழகு, ஆனால் விலை அதிகம், கைபட்டால் உடையும்.

பிரான்சில் லூயி ஓசு என்ற மருத்துவர் 1820-களில் காகிதக் கூழை அச்சில் அழுத்தி மாடல் செய்தார். பாகங்களுக்கு எண் போட்டார். ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளே பார்க்கலாம், திரும்பப் பொருத்தலாம். நார்மண்டியில் தன் சொந்த ஊரிலேயே தொழிற்சாலை வைத்தார். பெரிதாக்கிய மூளையும் அங்கே தயாரானது. அச்சு இருந்ததால் ஒரே மாடலைப் பல கல்லூரிகள் வாங்க முடிந்தது.

உண்மையான மூளையைத் தொட்டுப் பார்ப்பதற்கு இது ஈடாகாதுதான். ஆனால் எந்தப் பாகம் எங்கே என்று கற்க, ஓர் ஏழையின் உடல் தேவைப்படவில்லையே!