மைஹரில் விதை, தில்லியில் பயிர்

பல கருவிகள் ஒருங்கே ஒலிப்பதைப் பல்லியம் என்றனர் நம் முன்னோர். தில்லி மாநகரில் 1952-ஆம் ஆண்டு அகில இந்திய வானொலி, 'வாத்ய விருந்தா' என்னும் தேசியப் பல்லியத்தை நிறுவியது. வடநாட்டிசைக்குப் பண்டித ரவிசங்கரும், கருநாடக இசைக்கு வயலின் வித்துவான் டி. கே. ஜெயராம ஐயரும் நெறியாளராய் விளங்கினர்.

அப்பயிருக்கு விதை முன்னரே ஊன்றப்பட்டிருந்தது. ரவிசங்கரின் ஆசான் அலாவுதீன் கான், 1918-ஆம் ஆண்டளவில் மைஹர் சமஸ்தானத்தில், கொள்ளைநோயால் பெற்றோரை இழந்த சிறாரைத் திரட்டிப் பல்லியம் அமைத்தார். துப்பாக்கிக் குழல்களைக் கொண்டே 'நல்தரங்' என்னும் கருவியையும் படைத்தார்.

தனியொருவர் கற்பனையே நம் இசைக்கு உயிர் என்பர். எனினும், யாருமற்ற அப்பிள்ளைகளை ஒரு சுருதியில் இணைத்தது பல்லியமே. தாயகம் நீங்கித் தலைநகரில் வாழும் நாமும், வீட்டுக்கு வீடு தனித்தே வீணையும் வயலினும் பயிலும் நம் சிறாரை ஓரவையில் அமர்த்துவோமாக.