"ஆல்வேஸ்" எங்கே உட்காரும்? - ஒரு குட்டி வரலாறு

நண்பர்களே, இந்த முறை டெபிட், கிரெடிட் எல்லாம் இல்லை. ஆங்கில இலக்கணம்! ஓடிவிட வேண்டாம், இது வரலாற்றுக் கட்டுரைதான் :-)

"ஹீ ஆல்வேஸ் கம்ஸ் லேட்" சரி. "ஹீ ஈஸ் ஆல்வேஸ் லேட்" என்பதும் சரி. முதலாவதில் ஆல்வேஸ் வினைக்கு முன்னால், இரண்டாவதில் பின்னால். ரென் அண்ட் மார்ட்டின் போன்ற புத்தகங்கள் இந்த விதியைச் சொல்லும். ஆனால் ஏன் இந்த ஓரவஞ்சனை?

ஆயிரம் வருடங்களுக்கு முன்பு ஆங்கிலம் வேறு மாதிரி இருந்தது. நம் ஐ, கு போல அதிலும் வேற்றுமை உருபுகள் இருந்தன. "ராமனை நேற்று சீதா பார்த்தாள்" என்பதை நாம் எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் கெடாது அல்லவா? அதற்குக் காரணம் அந்த "ஐ". ஆங்கிலத்தில் இந்த உருபுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோயின. யார் பார்த்தார், யாரைப் பார்த்தார் என்பதைச் சொல் நிற்கும் இடமே காட்ட வேண்டியதாயிற்று. அதனால்தான் "ஐ சா யெஸ்டர்டே ராமன்" என்று இன்று நடுவில் நுழைக்க முடியாது.

இனிதான் சுவாரஸ்யம். பழைய ஆங்கிலேயர்கள் "ஹீ ஈட்ஸ் ஆஃபன் ஃபிஷ்" என்ற வரிசையிலும் பேசினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் இந்த வரிசையில்தான் பேசுகிறார்கள். 15, 16ஆம் நூற்றாண்டுகளையொட்டி ஆங்கிலத்தில் சாதாரண வினைகள் ஆஃபன், நெவர், ஆல்வேஸ் ஆகியவற்றுக்குப் பின்னால் நகர்ந்துவிட்டன. ஈஸ், கேன், வில் போன்றவை மட்டும் பழைய இடத்தைவிட்டு அசையவில்லை. ஆக, இடம் மாறியது ஆல்வேஸ் இல்லை, வினைதான்!

"ஐ நோ நாட்" என்பது "ஐ டூ நாட் நோ" என்று ஆனதும் இதே கதைதான். ஷேக்ஸ்பியர் (1564-1616) நாடகங்களில் இந்த இரண்டு வகையும் கலந்தே வரும்.

இலக்கணப் புத்தகங்கள் இதற்கெல்லாம் ரொம்பத் தாமதம். பள்ளிகளில் பெரிதாகப் பரவிய லின்ட்லி மர்ரேயின் இலக்கணம் வந்தது 1795இல். வினையடை எங்கே நிற்க வேண்டும் என்று அதில் ஒரு விதியும் உண்டு. ஆனால் மக்கள் பேச்சு மாறி அதற்குள் இருநூறு வருடம் ஆகிவிட்டது.

இதில் நமக்கு என்ன லாபம்? முதலில் ஒரு குறுக்கு வழி. வினைக்குப் பின்னால் "நாட்" போட முடிந்தால் ஆல்வேஸையும் அங்கே போடுங்கள். "ஈஸ் நாட்" சரி, எனவே "ஈஸ் ஆல்வேஸ்". "கம்ஸ் நாட்" இன்று செல்லாது, எனவே "ஆல்வேஸ் கம்ஸ்".

இரண்டாவதுதான் முக்கியம். ஒரு சொல் இடம் மாறியதற்காக வகுப்பே சிரித்து, அதன்பிறகு வாயே திறக்காமல் போன நண்பர்கள் எல்லோருக்கும் இருப்பார்கள். தேர்வுக்கும் இன்டர்வியூவுக்கும் இன்றைய விதி தேவைதான், கற்றுக்கொள்வோம். ஆனால் இன்று "தப்பு" என்று சிரிக்கிற அதே வரிசையில்தான் ஆங்கிலேயர்களே ஒரு காலத்தில் பேசினார்கள். அடுத்த முறை சிரிப்பு வந்தால் இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.