கணினியின் முகப்பும் கரிசல் உழவரும்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் பூமி கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை பெய்துவிட்டாலோ காலைப் பற்றிக்கொண்டு விடாது. அம்மண்ணை நாட்டுக் கலப்பையால் உழுத விவசாயி, நுகத்தடியை ஏர்க்காலில் முன்னும் பின்னும் மாற்றிக் கட்டி, உழும் ஆழத்தைத் தாமே அமைத்துக்கொண்டார். கருவி மனிதனுக்கு இணங்க வேண்டும் என்பதே அவர் கண்ட நீதி. அந்நீதி லினக்ஸ் கணினியில் எவ்வாறு இடம்பெற்றது என்பதை மாணவ நண்பர்கள் அறிந்துகொள்வது நலம்.

1984ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எக்ஸ் என்னும் சாளர அமைப்பு தோன்றியது. திரையில் சாளரங்களைக் காட்டுவது அதன் வேலை. அவற்றின் தோற்றத்தையும் ஒழுங்கையும் அது பிறர் விருப்பத்திற்கே விட்டுவிட்டது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். சாதாரண மக்களும் அதனை எளிதில் கையாள வேண்டும் என்று கருதி, ஜெர்மானிய மாணவர் மத்தியாஸ் எட்ரிக் 1996இல் கேடிஈ என்னும் முகப்பைத் தொடங்கினார். அது நம்பியிருந்த க்யூடி என்னும் நிரல் தொகுப்பின் உரிமம் அந்நாளில் முழு விடுதலை அளிக்கவில்லை. ஆதலால் 1997இல் மெக்சிகோ நாட்டவரான மிகேல் டி இகாசாவும் பெடரிகோ மேனாவும் க்னோம் என்னும் மற்றொரு முகப்பைத் தொடங்கினர்.

2011இல் க்னோமின் மூன்றாம் பதிப்பு பழைய தோற்றத்தை அடியோடு மாற்றியது. பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவர்கள் வாளா இருக்கவில்லை. மூலநிரல் யாவர்க்கும் பொதுவாயிருந்தமையால், அர்ஜென்டினாவைச் சேர்ந்த பயனர் ஒருவர் பழைய க்னோமையே எடுத்து மாட்டே என்னும் பெயரில் வளர்க்கத் தொடங்கினார். பயன்படுத்துவோனுக்கு உள்ள உரிமை எத்தகையது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தமிழும் இவ்வுரிமையால் பயன் பெற்றது. தமிழ்நாட்டிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்ந்த தமிழர்கள், ஊதியம் கருதாமல், இம்முகப்புகளின் பட்டியல்களைத் தமிழாக்கினர். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையையும் லினக்ஸில் அமைத்துக்கொள்ளலாம். 2011 செப்டம்பரில் தமிழக அரசு, அரசுப் பள்ளி மாணவர்க்கும் அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்க்கும் மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. அது சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. க்னோம் முகப்பைக் கொண்டது. கரிசல் காட்டுப் பிள்ளைகளின் கைக்கும் இந்த மாற்றியமைக்கும் உரிமை வந்து சேர்ந்தது.

உரிமை வந்தால் போதுமா? அறிவும் வேண்டும். முகப்பின் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்ததில் ஒருநாள் பணிப்பட்டை மறைந்துவிடலாம், திரையே வெறுமையாகலாம். உடனே எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவ முற்படுவது அவசரம். முதலில் புதிய பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே யாவும் ஒழுங்காக இருந்தால், கோளாறு பெரும்பாலும் உங்கள் சொந்த அமைப்புக் கோப்புகளில்தான்.

அவை உங்கள் இல்லக் கோப்புறையில் மறைந்திருக்கும். பெயரின் முதலெழுத்தாகப் புள்ளி நின்றால் அக்கோப்பு பட்டியலில் தோன்றாது. இதுவும் ஒரு சரித்திர விபத்தே. பழைய யூனிக்ஸில் கோப்புறையையும் அதன் மேலுள்ள கோப்புறையையும் குறித்த புள்ளிப் பெயர்களை மறைக்க எழுதிய நிரல், புள்ளியில் தொடங்கும் எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. பின்னர் அதுவே மரபாயிற்று.

க்னோமும் கேடிஈயும் தம் அமைப்புகளுள் பெரும்பாலானவற்றைப் 'புள்ளி கான்ஃபிக்' என்னும் கோப்புறையில் வைக்கின்றன. முகப்பிலிருந்து வெளியேறி, எழுத்துத் திரையில் நுழைந்து, அக்கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டு மீண்டும் வந்தால், கணினி புதிய அமைப்புகளைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பழையதை அழிக்கலாகாது, மற்ற நிரல்களின் அமைப்புகளும் அதிலேயே உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்து வந்தால், எது வந்ததும் குறை தோன்றுகிறதோ, அதுவே குற்றவாளி.

நுகத்தடியை மாற்றிக் கட்டிய உழவர் ஒருமுறையில் ஒரு மாற்றமே செய்தார். உழுத சாலைத் திரும்பிப் பார்த்தபின்பே அடுத்ததைச் செய்தார். கணினியின்முன் அமரும் மாணவருக்கும் அந்தப் பொறுமையே முதற்பாடம்.