மூன்று விசைகள்

என் சகோதரியின் மகன் ஒருவன் இருக்கிறான். கம்ப்யூட்டர் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஒரு டம்ளர் காப்பி சாப்பிட்டுவிட்டு, என் தொடர்கதையின் கதாநாயகியை அடுத்த வாரம் என்ன செய்யப் போகிறேன் என்று விசாரித்துவிட்டுப் போவான். ஒரு நாள் வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தான். "என்னடா விசேஷம்?" என்றேன்.

"ஒரு பழைய சண்டையைப் படித்தேன், மாமா. எடிட்டரில் மூன்று விசைகள் வேலை செய்யவில்லை என்று தேசம் தேசமாக ஆட்கள் புலம்பியிருக்கிறார்கள்."

எடிட்டர் என்றதும் என் ஞாபகம் வேறு எங்கோ போயிற்று. கதையைத் திருப்பி அனுப்புகிறவர்களைத்தான் நான் அந்தப் பெயரால் அறிவேன். அவன் சொன்னது அவர்களை அல்ல. கம்ப்யூட்டரில் எழுதவும் எழுதியதைத் திருத்தவும் உதவுகிற ஒரு சாதனத்தை. சாதனமும் சில சமயம் கதையைத் திருப்பித் தருமாம். ஆனால் காரணம் சொல்லித் தருமாம். அந்த மட்டில் மேல்தான்.

சண்டை இதுதான். ஈமாக்ஸ் என்று ஓர் எடிட்டர். அதற்குள் ஆர்க் என்று ஒரு பகுதி. ஆம்ஸ்டர்டாமில் வான சாஸ்திரியாக இருக்கும் கார்ஸ்டன் டொமினிக் என்பவர் தம் குறிப்புகளை ஒழுங்கு செய்துகொள்வதற்காக 2003-ல் எழுத ஆரம்பித்தது. நட்சத்திரங்களைப் பார்க்கிற மனிதர் தலைப்புகளுக்கு நட்சத்திரக் குறி போடும் ஏற்பாட்டையே கையாண்டார் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். ஆர்க்கில் வசனம் எழுதிக்கொண்டே போகலாம். நடுவில் ஒரு பெட்டி போட்டு அதற்குள் புரோகிராம் எழுதலாம். பெட்டிக்கு மேலே 'ஆரம்பம்' என்று ஒரு வரி, கீழே 'முடிவு' என்று ஒரு வரி வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவ்வளவையும் அடிக்க யாருக்குப் பொறுமை? ஆகவே ஒரு சுருக்கு வழி இருந்தது. கோணக் குறி ஒன்று, 'எஸ்' என்ற எழுத்து, பிறகு 'டாப்' விசை. மூன்றே தட்டு. பெட்டி மேலும் கீழுமாக வந்து நிற்கும், நடுவில் நீங்கள். 'எஸ்'ஸுக்குப் பதில் 'க்யூ' என்றால் மேற்கோளுக்குப் பெட்டி. 'வி' என்றால் செய்யுளுக்குப் பெட்டி. விஞ்ஞானிகள் கூடி உபயோகிக்கிற சாதனத்தில் கவிஞனுக்கும் ஒரு விசை வைத்திருக்கிறார்களே என்று மனம் குளிர்ந்தது.

இப்படித் தயாராக வந்து நிற்கிற வாசகத்துக்கு டெம்ப்ளேட் என்று பெயர். நம் தாத்தாக்கள் கடிதத்தில் 'உபயகுசலோபரி' என்று ஆரம்பிப்பார்களே, அதுவும் டெம்ப்ளேட்தான். யாரும் அதை யோசித்து எழுதியதில்லை. பேனா தானாக எழுதும்.

2018-ன் இறுதியில் வந்த 9.2 என்ற புதிய பதிப்பில் அந்த மூன்று தட்டு நின்று போயிற்று. அதற்குப் பதில் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு 'சி', மறுபடி கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு கமா. ஒரு பட்டியல் தோன்றும். அதில் 'எஸ்' என்று சொல்ல வேண்டும். புதிய ஏற்பாட்டில் நியாயம் இருந்தது. எந்த எழுத்துக்கு எந்தப் பெட்டி என்று மனப்பாடம் செய்யாதவனும் பட்டியலைப் பார்த்துப் பொறுக்கலாம். ஏற்கெனவே எழுதிய பத்தியைத் தொட்டுக் காட்டினால் அதைச் சுற்றியே பெட்டி எழும். ஆனாலும் காலையில் எழுந்து கோணக் குறி, 'எஸ்', 'டாப்' என்று தட்டியவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பழைய முறையில் தனக்கென்று சில பெட்டிகளைச் சேர்த்து வைத்திருந்தவனுக்கு இன்னும் மோசம். பட்டியலின் அமைப்பே மாறிவிட்டதால் பிழை என்று பதில் வந்தது. போதாக்குறைக்கு, எழுத்து மட்டும் காட்டும் பழைய மாதிரி டெர்மினல்கள் பலவற்றில் கண்ட்ரோல்-கமா என்ற செய்தி போய்ச் சேருவதே இல்லை. சண்டை வராமல் என்ன செய்யும்?

"மூன்று விசைக்கா இவ்வளவு கோபம்?" என்று கேட்டேன். பையன் பதில் சொல்லவில்லை. என் மேஜையிலிருந்த பேனாவை எடுத்து இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்தில் வைத்தான். காப்பி ஆறுவதற்குள் என் கை இரண்டு தடவை இடது பக்கம் போய் வெறுங்கையாகத் திரும்பியது.

இந்தக் கோபத்தின் பிதிரார்ஜிதம் என்ன என்று தேடப் புகுந்தேன். கதை எழுதுகிறவனுக்கு அதுதானே வியாதி? தேடல் என்னை 1962-க்குக் கொண்டுபோய் விட்டது.

அமெரிக்காவில் பாஸ்டனுக்கு ஆற்றின் எதிர்க்கரையில் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற கல்லூரி. அங்கே பி.டி.பி.-1 என்று ஒரு யந்திரம். புரோகிராம் எழுதுவதென்றால் காகித நாடாவில் துளை போட வேண்டும். ஓர் எழுத்து தப்பிப்போனால், அந்த இடம் வரை நாடாவைப் புதிய நாடாவில் பிரதி எடுத்து, தப்பைத் திருத்தி, மிச்சத்தையும் பிரதி எடுக்க வேண்டும். டான் மர்ஃபி என்ற மாணவர் இந்த அவஸ்தையைப் பார்த்து, திருத்தத்தையும் யந்திரமே செய்யட்டும் என்று ஒரு புரோகிராம் எழுதினார். அதன் பெயர் டெக்கோ; நாடாவைத் திருத்துவது என்று பொருள். நாடாக்கள் ஒழிந்த பிறகும் டெக்கோ ஒழியவில்லை.

அதன் கட்டளைகள் ஒவ்வொன்றும் ஓர் எழுத்து அல்லது ஒரு குறி. எந்த எழுத்தை அடித்தாலும் ஏதாவது நடக்கும். தன் சொந்தப் பெயரைக் கட்டளையாக அடித்தால் கோப்புக்கு என்ன கதி நேரும் என்று ஊகிப்பது டெக்கோ தெரிந்தவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. நல்ல வேளையாக நம் ஊர்ப் பெயர்களின் நீளத்தை அந்த யந்திரம் பார்த்ததில்லை. ஆனால் டெக்கோவில் ஒரு பெரிய சௌகரியம் இருந்தது. அடிக்கடி செய்கிற காரியத்தின் கட்டளைகளைச் சரமாகக் கோத்து ஒரு பெயரில் வைத்துக்கொள்ளலாம். பெயரைச் சொன்னால் சரம் முழுவதும் ஓடும். மாக்ரோ என்று அதற்குப் பெயர்.

எம்.ஐ.டி.யின் செயற்கை அறிவு ஆராய்ச்சிக் கூடம் டெக்னாலஜி ஸ்குவேரில் ஒன்பதாவது மாடியில் இருந்தது. அங்கே யந்திரத்தை நடத்திய முறைக்கு 'ஒத்துப்போகாத' என்ற அடைமொழியோடு பெயர் வைத்திருந்தார்கள். அதற்கு முன்பிருந்த ஒன்று தன்னை 'ஒத்துப்போகும்' முறை என்று அழைத்துக்கொண்டதற்கு அது பரிகாசம். ஆரம்ப நாட்களில் அங்கே கடவுச்சொல் கிடையாது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் திறந்து பார்க்கலாம்; திருத்தவும் செய்யலாம். திண்ணை வைத்துக் கட்டிய வீடு மாதிரி.

1972-ல் கார்ல் மிக்கெல்ஸன் என்பவர் டெக்கோவில் அடிக்க அடிக்கத் திரையிலேயே மாற்றம் தெரியும்படி செய்தார். பிற்பாடு அதே கூடத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், ஸ்டான்போர்டில் வேறோர் எடிட்டரைப் பார்த்துவிட்டு வந்து, எந்த விசையைத் தட்டினாலும் ஒரு மாக்ரோ ஓடும்படி வழி செய்தார். வந்தது வினை. ஆளுக்கொரு மாக்ரோக் கூட்டம் தோன்றியது. ஒருவருக்கு 'டி' விசை வார்த்தையை அழிக்கும். அடுத்த நாற்காலிக்காரருக்கு அதே விசை வேறெதையோ செய்யும். சிநேகிதனின் புரோகிராமில் ஒரு சந்தேகம் தீர்க்கப் போனவன், அவன் விசைப்பலகையின் முன்னால் உட்கார்ந்து ஒரு வரியைக்கூட அடிக்க முடியாமல் விழித்தான். கதவுக்குப் பூட்டுப் போடாத கூடத்தில், ஒவ்வொருவருடைய விரலும் தனித்தனியே பூட்டிக்கொண்டது.

1976-ல் கய் ஸ்டீல் என்ற இளைஞர் இதைச் சீர்செய்யப் புறப்பட்டார். வெவ்வேறு மாக்ரோக் கூட்டங்களைப் பார்த்தார். எது யாருக்கு ஏன் பிடிக்கிறது என்று பேசிப் பேசி, எல்லோரும் ஒப்பக்கூடிய ஒரு விசைப் பங்கீட்டைத் தயார் செய்தார். நாலு பங்காளிகள் சேர்ந்து ஒரு தோப்பைப் பிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் கஷ்டம் தெரியும். இங்கே நடந்ததோ பிரிவினை அல்ல, சேர்க்கை. அது இன்னும் கஷ்டம். ஒவ்வொருவரும் தன் விரலுக்குப் பழகிய எதையோ விட்டுக்கொடுத்தாக வேண்டும். டேவிட் மூன் என்பவரும் இதில் உதவினார். அதிகப் பங்கு வேலையை எடுத்துச் செய்து முடித்தவர் ஸ்டால்மன். திருத்தும் மாக்ரோக்கள் என்ற பொருளில் ஈமாக்ஸ் என்று பெயர் வைத்தார். அந்த யந்திரத்தில் 'ஈ' என்ற ஒற்றை எழுத்தை அதுவரை எதற்கும் சுருக்கமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதும் ஒரு காரணம்.

ஸ்டால்மன் ஒரு நிபந்தனை போட்டார். ஈமாக்ஸை யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதில் செய்கிற அபிவிருத்தியைத் திருப்பித் தந்துவிட வேண்டும். எத்தனை பேர் தந்தார்களோ! நிபந்தனையை மீறினால் அவர் யாரிடம் போய்ப் பிராது கொடுப்பார்? ஆனால் மாக்ரோ என்பது கைமாறிக் கைமாறி வளர்கிற வஸ்து என்பதை அவர் கண்டுகொண்டிருந்தார்.

இதற்கு ஓர் அழகான சாட்சி உண்டு. 1978-ல் பெர்னார்ட் கிரீன்பர்க் என்பவர் மல்டிக்ஸ் என்ற வேறொரு யந்திர முறைக்காக ஓர் ஈமாக்ஸ் எழுதினார். அவருடைய ஆபீஸில் காரியதரிசிகள் அதில் கடிதம் அடிக்கத் தொடங்கினார்கள். எடிட்டரைத் தங்கள் சௌகரியத்துக்கு எப்படி மாற்றிக்கொள்வது என்று ஒரு கையேடு அவர்களுக்குக் கிடைத்தது. அந்தக் கையேட்டில் 'புரோகிராம்' என்ற வார்த்தை இல்லை. இருந்திருந்தால், "அதெல்லாம் எங்களுக்கு வராது" என்று மூடி வைத்திருப்பார்கள். இல்லாததால் பயமின்றிப் படித்துப் புரோகிராம் எழுதிவிட்டார்கள்! இந்தச் சம்பவத்தைப் பிற்காலத்தில் ஸ்டால்மன் தம் பிரசங்கம் ஒன்றில் சொல்லியிருக்கிறார். அந்தக் காரியதரிசிகளின் பெயர்களை நான் எங்கும் காணவில்லை.

பிறகு திண்ணை இடிந்தது. 1981-ல் ஜேம்ஸ் காஸ்லிங் என்ற மாணவர் யூனிக்ஸ் யந்திரங்களுக்காக ஓர் ஈமாக்ஸ் எழுதி முதலில் தாராளமாகக் கொடுத்தார். பின்னால் அதன் உரிமை ஒரு கம்பெனிக்குப் போயிற்று. ஸ்டால்மன் 1984-ல் மறுபடி உட்கார்ந்து க்னூ ஈமாக்ஸை எழுதத் தொடங்கினார். அதில் காஸ்லிங்கின் பகுதி சிறிது கலந்திருந்தது; ஆட்சேபணை எழவே அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுதினார். பின்னால் ஆர்க் வந்து குடியேறியது அந்த வீட்டில்தான்.

பெட்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது எங்கள் ஜாதிக்காரர் ஒருவரின் யோசனை. எழுத்து ஜாதியைச் சொல்கிறேன். ஸ்டான்போர்டில் டொனால்ட் நூத் என்ற பேராசிரியர். 1977-ல் தம் பெரிய நூலின் இரண்டாம் பாகம் மறுபதிப்புக்காக அச்சுக் கோத்து வந்தபோது, எழுத்துக்களின் அவலட்சணத்தைக் கண்டு மனம் நொந்து போனார். நீங்களும் நானும் என்றால் அச்சகத்துக்காரரைத் திட்டிவிட்டுச் சும்மா இருப்போம். அவர் அச்சுக் கோப்பதற்கே ஒரு புரோகிராம் எழுத உட்கார்ந்தார். ஒரு வருஷத்தில் முடியும் என்று நினைத்தது பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தது. அந்தப் புரோகிராமை அவர் எழுதிய விதம்தான் நமக்கு வேண்டியது. புரோகிராம் என்பது யந்திரத்துக்கு இடுகிற கட்டளை மட்டுமல்ல, இன்னொரு மனிதன் உட்கார்ந்து படிக்கிற வியாசம் என்பது அவர் கட்சி. இதை 1984-ல் ஒரு கட்டுரையாகவே எழுதினார். அவருடைய முறையில் விளக்கமும் புரோகிராமும் ஒரே ஏட்டில் மாறி மாறி வரும். அந்த ஏட்டை 'நெய்தால்' மனிதன் படிக்கும் புத்தகம் கிடைக்கும். 'சிக்கலாக்கினால்' யந்திரம் படிக்கும் புரோகிராம் கிடைக்கும். இரண்டும் அவரே வைத்த பெயர்கள். யந்திரத்துக்குப் போவதைச் சிக்கல் என்று அழைத்த குறும்பை எவ்வளவு பாராட்டினாலும் தகும். தம் புத்தகங்களில் பிழை கண்டுபிடிப்பவர்களுக்கு 2 டாலர் 56 காசுக்குச் செக் எழுதிக் கொடுக்கிற வழக்கமும் 2008 வரை அவருக்கு இருந்தது. அந்த வழக்கத்தை நம் பதிப்பாளர்களிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

ஆர்க்கின் பெட்டிகள் அந்த வம்சம். எரிக் ஷுல்ட், டான் டேவிஸன் என்ற இருவர் செய்த ஏற்பாட்டினால், 2010 முதற்கொண்டு ஒரே ஏட்டில் பல புரோகிராம் பாஷைகளைப் பெட்டி பெட்டியாக எழுதலாம், அங்கேயே ஓட்டலாம், விடை பெட்டியின் கீழேயே வந்து விழும். அதற்கு பேபல் என்று பெயர். ஒரு கோபுரம் கட்டப் போய்ப் பாஷைகள் பிரிந்த பைபிள் கதை ஞாபகம் வருகிறதல்லவா? புரோகிராமைப் பிரித்து எடுக்கிற வேலைக்கு அதிலும் 'சிக்கலாக்குதல்' என்றே பெயர்.

ஆக, பெட்டி போடுகிறவன் வசனத்தின் நடுவே இருக்கிறான். யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஓட்டத்தில் அவன் கோணக் குறியை நினைப்பதில்லை, 'எஸ்'ஸையும் நினைப்பதில்லை. அந்த வேளையில் ஒரு பட்டியல் எழுந்து "என்ன வேண்டும்?" என்று கேட்டால், புதிதாக வந்தவனுக்கு அது உபசாரம், பழகினவனுக்கு இடைமறிப்பு. 1976-ல் எம்.ஐ.டி.காரர்கள் விட்டுக்கொடுத்ததும் இதைத்தான். ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே விட்டுக்கொடுத்தவர்கள் ஒரே மாடியில் இருந்தார்கள். ஸ்டீல் அவர்களிடம் முகத்தைப் பார்த்துப் பேசினார். 9.2-ல் மாற்றத்தைச் செய்தவர்களும் அறிவிப்பில் எல்லாவற்றையும் எழுதித்தான் இருந்தார்கள். ஆனால் அறிவிப்பைப் படித்துவிட்டா நாம் காலையில் விசையைத் தட்டுகிறோம்?

ஞாயிற்றுக்கிழமை பையன் வந்ததும் இதையெல்லாம் சொன்னேன். "கடைசியில் சண்டை எப்படித் தீர்ந்தது?" என்று கேட்டேன்.

"அப்போதே தீர்ந்த மாதிரிதான், மாமா. பழைய முறையைத் தூக்கிப் போடவில்லை. தனியாக ஒரு மூலையில் எடுத்து வைத்திருந்தார்கள். அது வேண்டும் என்று நம் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும். மூன்று விசையும் திரும்பி வந்துவிடும்."

"நீ எழுதியிருக்கிறாயா?"

மடியிலிருந்த யந்திரத்தைத் திறந்து காட்டினான். நீளமான கோப்பு. மேலிருந்து ஏழெட்டு வரி கீழே அந்த ஒரு வரி இருந்தது. சுற்றிலும் இன்னும் நூறு நூற்றைம்பது வரிகள்.

"இவ்வளவும் நீ எழுதினதா?"

"எங்கே, மாமா! ஆபீஸில் ஒரு சிநேகிதன் தந்தது. அவன் வேறு யாரிடமோ வாங்கினானாம். நான் நடுவில் நாலு வரி சேர்த்திருக்கிறேன்."

"எந்த நாலு வரி?"

பையன் கோப்பை மேலும் கீழுமாக இரண்டு தடவை தேடினான். பிறகு காப்பி கேட்டான்.