மறைந்தது எந்த மதி?

2025ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் இரவு, மணி பதினொன்று. மாடியில் நின்று வானை நோக்கினோம். மண்ணுலகின் நிழல் முழுநிலவை முற்றும் மூடிற்று; வெள்ளித் தட்டு செம்புத் தட்டாயிற்று. 82 நிமிடம் நீடித்தது அக்காட்சி. கதிரவன் ஒளி நம் காற்று மண்டலத்தினூடே வளைந்து செல்கையில் நீலம் சிதறிப்போக, எஞ்சிய செவ்வொளி நிலவைத் தீண்டுகிறது. அவ்வளவே! எனினும் அந்த இரவில் கோயிற் கதவுகளும் வீட்டுக் கதவுகளும் அடைபட்டுக் கிடந்தன. பாம்புக்கு அஞ்சியோ, பஞ்சாங்கத்துக்கு அஞ்சியோ, நாமறியோம்.

நம் நாட்டு மடமையை நாம் பேசாத நாளில்லை. இன்று வேறொரு நாட்டைக் காண்போம் — அறிவின் தொட்டில் என்று உலகம் போற்றும் ஏதென்சை!

கி.மு. 415இல் ஏதென்ஸ், சிசிலித் தீவிலுள்ள சைரக்யூஸ் நகரை வெல்லப் பெரும் கடற்படையை அனுப்பிற்று. இரண்டாண்டுகள் உருண்டன, நகரம் வீழவில்லை. சதுப்பு நிலத்துப் பாசறையில் நோய் புகுந்தது. 73 கப்பல்களுடன் துணைக்கு வந்தான் டெமாஸ்தனிஸ். (நாவலன் டெமாஸ்தனிஸ் அல்லன், அவனுக்கு முந்திய படைத்தலைவன்.) அவன் நடத்திய இரவுத் தாக்குதலும் தோற்றது. "இனியும் இங்கிருப்பது அழிவு, திரும்புவோம்" என்பது அவன் கருத்து. மூத்த தலைவன் நிசியாஸ் முதலில் மறுத்தான், பின்னர் இணங்கினான். மறைவாக ஆணை பிறந்தது. கப்பல்கள் புறப்பட அணியமாயின.

அன்றிரவு, கி.மு. 413 ஆகஸ்டு 27, முழு நிலவு இருண்டது.

வீரர்கள் நடுங்கினர். "மும்முறை ஒன்பது நாள் காத்திருக்க வேண்டும்" என்றனர் குறி சொல்வோர். அதற்குமுன் புறப்பாடு பற்றிப் பேசவும் மாட்டேன் என்றான் நிசியாஸ். கோழையல்லன் அவன், செல்வன், பக்திமான், பல போர் கண்டவன். ஆனால் குறி பார்ப்பதில் அளவு மீறி மூழ்கியவன் என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் தூசிடைடிசே எழுதி வைத்திருக்கிறார்.

ஏதென்சில் உண்மை அறிந்தார் எவருமிலரா? இருந்தனர்! திங்களுக்குச் சொந்த ஒளியில்லை, அதன்மீது உலகின் நிழல் படிவதே கிரகணம் என்று கூறிய அனக்சகோரஸ், அந்த நகரிலேதான் பல்லாண்டு வாழ்ந்தார். கதிரவன் கடவுளன்று, எரியும் கல் என்றும் சொன்னார். கிடைத்த பரிசு? தெய்வ நிந்தனை வழக்கு! பெரிக்ளிசின் நட்பு இருந்தமையால் உயிர் தப்பி, நகர் நீங்கி, லாம்ப்சகஸ் என்னும் ஊரில் மாண்டார். அதன்பின் ஏறத்தாழப் பதினைந்தாண்டில் வந்ததே அந்த இரவு. அவருடைய விளக்கம் மக்களிடையே பரவவில்லை, சிலரிடையே மட்டும் மறைவாக வழங்கிற்று என்கிறார் பிற்காலத்துப் புளூடார்க். கூரையேறிக் கூவ வேண்டிய உண்மை, காதோடு காதாய்க் கிசுகிசுக்கப்பட்டது! குறிகாரரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. உண்மை உரைத்தவனை ஓட்டிய ஊரையும், அறிந்தும் வாய்மூடிய அந்தச் சிலரையும் அங்கேயே ஏற்ற வேண்டும் என்போம் நாம்.

வேடிக்கை ஒன்று கேளீர். ஓடித் தப்புவோர்க்கு இருள் நல்ல குறியே என்று பின்னாளில் உரைத்தான் பிலோகோரஸ்; அவனும் குறிகாரன்தான்! அதே நிழல்: ஒரு வாய் 'நில்' என்கிறது, ஒரு வாய் 'போ' என்கிறது.

மறைந்த நிலவு சில நாழிகையில் மீண்டது. காத்திருந்த படையோ மீளவில்லை. செய்தியறிந்த சைரக்யூசார் கடலில் தாக்கி வென்றனர். துறைமுக வாயிலைக் கப்பல்களால் அடைத்தனர். உடைத்து வெளியேற முயன்ற ஏதென்சின் கடற்படை நொறுங்கிற்று. நோயாளரையும் புண்பட்டோரையும் கதறக் கதற விட்டுவிட்டு, ஏறத்தாழ 40,000 பேர் தரைவழி நடந்தனர். வழியெல்லாம் வெட்டுண்டனர். நிசியாசும் டெமாஸ்தனிசும் கொல்லப்பட்டனர். சிறைப்பட்டோர் 7,000 பேருக்குக் குறையாமல் கற்குழிகளில் தள்ளப்பட்டனர். கூரையில்லை. பகலில் வெயில், இரவில் குளிர், அருகே மாண்டவர் பிணக்குவியல். நாளொன்றுக்கு ஆளுக்குக் கால் லிட்டர் அளவு தண்ணீர், அதைப்போல் இருமடங்கு தானியம். எழுபது நாளுக்குப்பின் பலர் அடிமைகளாக விற்கப்பட்டனர். ஏதென்ஸ் நாட்டவர்க்கு அந்த விடுதலையும் இல்லை. எட்டுத் திங்கள் அந்த அளவிலேயே உணவு. எட்டு முறை அந்தக் குழிகளின் மேலே முழுநிலவு வந்து போயிற்று.