பட்டா இல்லாத வீடு: கே.எஸ். மணியத்தின் பீடோங்கும் நவீன அவல நாடகமும்

அழுகை என்னும் மெய்ப்பாடு நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்பார் தொல்காப்பியர். பிறரால் இகழப்படுதல், உயிரையோ உடைமையையோ இழத்தல், முன்னைய நிலையினின்று தாழ்தல், வறுமையுறுதல் என அவற்றை விளக்கலாம். அவல நாடகம் பற்றிய பாடத்தைத் தொடங்கும்போதெல்லாம் அரிஸ்டாட்டிலுக்கு முன்பாக இதனையே நான் எடுத்துக்கொள்வது வழக்கம். அரிஸ்டாட்டில் காட்டும் அவலத் தலைவன் பெரும்புகழும் செல்வமும் வாய்ந்தவன். உயரத்தில் இருப்பவன் வீழ்ந்தால்தான் அது அவலம். தொல்காப்பியரின் அழுகைக்கு அத்தகைய நிபந்தனை இல்லை. சாதாரண மனிதனும் அவலத் தலைவனாகத் தகுதியுடையவனே என்று அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் 1949இல் ஒரு கட்டுரை எழுதி வாதாட வேண்டியிருந்தது.

அதே 1949 பிப்ரவரியில் நியூயார்க்கில் அரங்கேறிய அவரது ‘ஒரு விற்பனையாளரின் மரணம்’ நவீன அவல நாடகத்தின் முதன்மைச் சான்றாக இன்றும் பயிலப்படுகிறது. வில்லி லோமன் முதுமையில் வேலையை இழக்கிறான். மூத்த மகன் பிஃப் தன் கனவை நிறைவேற்றுவான் என்று கடைசிவரை நம்புகிறான். தான் சாதாரணமானவன் என்பதை மகன் ஒப்புக்கொண்டபோதும் தந்தையால் அதனை ஏற்க இயலவில்லை. வீட்டுக் கடனின் இறுதித் தவணை செலுத்தப்பட்ட நாளில் அவன் கல்லறையில் இருக்கிறான். இப்பகுதியை ஒருமுறை வகுப்பில் விளக்கியபோது, கெடாவிலிருந்து வந்து பயின்ற மாணவி ஒருவர், “ஐயா, அவர்களுக்குத் தவணை கட்டவாவது ஒரு வீடு இருந்ததே?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இக்கட்டுரை ஒருவகையில் அக்கேள்விக்கான விடையே.

கெடாவின் தமிழர் வரலாறு என்றதும் இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் கடாரம் கொண்டதையே நாம் முதலில் நினைவுகூர்கிறோம். அப்பெருமிதம் ஒருபுறமிருக்க, அதே மண்ணில் பால் மரம் வெட்டிய தமிழர்க்குத் தாம் குடியிருந்த லயத்தின் ஓர் அறைகூடச் சொந்தமாக இருந்ததில்லை என்பதும் வரலாறே. வேலை இருக்கும்வரைதான் வீடு. பல தோட்டங்களில், ஓய்வுபெற்ற தொழிலாளி தொடர்ந்து லயத்தில் தங்க வேண்டுமெனில் பிள்ளைகளுள் ஒருவராவது அதே தோட்டத்தில் வேலை செய்தாக வேண்டும். இதன் விளைவை நாம் போதிய அளவு எண்ணிப்பார்ப்பதில்லை. படித்து முன்னேற வேண்டும் என்று மகனிடம் சொல்லும் தந்தை, அவ்வாறு அவன் முன்னேறிச் சென்றால் தம் கூரையை இழக்கிறார். மகன் தோட்டத்திலேயே தங்கினால் கூரை நிலைக்கும்; ஆசை மடியும். தோட்டக் குடும்பத்தில் தந்தைக்கும் மகனுக்கும் இடையே எழும் பிணக்கை வெறும் தலைமுறை இடைவெளி என்று கூறிக் கடந்துவிடுதல் இயலாது. அப்பிணக்கு குடியிருப்பு விதியிலேயே அடங்கியிருந்தது.

1950களில் வெள்ளையர் நிறுவனங்கள் தோட்டங்களை விற்க, வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். பல குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தன. இதற்கு எதிர்வினையாகவே துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கம் முதலில் வாங்கியது கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் என்பது குறிப்பிடத்தக்கது. தொழிலாளியின் சிறுசேமிப்பு தோட்டத்தை வாங்க வல்லது என்பதை அது மெய்ப்பித்தது. ஆயினும் கூட்டுறவில் பங்கு வேறு, குடியிருக்கும் வீட்டுக்குப் பட்டா வேறு.

இப்பின்புலத்தை இலக்கியமாக்கியவருள் முதலிடம் கே.எஸ். மணியத்திற்கு உரியது என்பது என் கருத்து. சுப்பிரமணியம் கிருஷ்ணன் என்னும் இயற்பெயருடைய அவர் 1942இல் பீடோங்கில் பிறந்தார். தந்தையார் மருத்துவமனைச் சலவைத் தொழிலாளி. சிறிது காலம் தமிழ்ப்பள்ளியிலும் பின்னர் சுங்கைப் பட்டாணியில் ஆங்கிலப் பள்ளியிலும் பயின்று, இங்கிலாந்தில் ஆசிரியப் பயிற்சி பெற்றுத் திரும்பி, பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழக ஆங்கிலத் துறையில் விரிவுரையாளராக விளங்கினார். 2020இல் மறைந்தார். ஆங்கிலத்தில் எழுதினார் என்னும் ஒரே காரணத்தால் மலேசியத் தமிழிலக்கிய வரலாற்றாசிரியர்கள் அவரைப் பெரும்பாலும் வாயிலிலேயே நிறுத்திவிட்டனர். மொழியால் வகுக்கப்பட்ட எல்லை அது என்பர். பீடோங் லயத்தின் வாழ்வை ஆராய்வோர்க்கு அவ்வெல்லை இழப்பையே தந்துள்ளது.

1981இல் வெளிவந்த ‘த ரிட்டர்ன்’ நாவலாயினும் அதன் பிற்பகுதி அவல நாடகமாகவே இயங்குகிறது. பாட்டி பெரியதாய் தமிழகத்திலிருந்து பிள்ளைகளுடன் வந்து, சிறு வணிகம் செய்து, தன் கையால் ஒரு வீட்டை எழுப்புகிறாள். நிலம் அவளுக்கு உரிமையாகவில்லை. அவ்வேட்கை அப்படியே மகன் கண்ணனுக்கு இறங்குகிறது. பிள்ளைகள் அவரை ‘நைனா’ என்றழைக்கின்றனர். முதுமையில் அவர் தமக்கு உரிமையில்லாத ஆற்றோர நிலத்தில் வீடு கட்டுகிறார். அதிகாரிகள் வெளியேறச் சொல்கின்றனர். அவர் நகர்வதில்லை. மண்ணால் உருக்கள் செய்து வழிபடுகிறார். முடிவில் தீயிட்டுத் தம்மையும் மாய்த்துக்கொள்கிறார். இங்கிலாந்து சென்று ஆசிரியராகத் திரும்பிய மகன் இரவி இவை அனைத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். தந்தை சோம்பேறியல்லர், குடிகாரரல்லர், தீயொழுக்கத்தினருமல்லர். தொல்காப்பியர் கூறும் நான்கு நிலைக்களன்களும் அவரிடம் ஒருங்கே அமைந்துள்ளன.

இதன் புதுமையை உணர, தோட்ட மக்கள் அறிந்திருந்த தமிழ் நாடகத்தோடு ஒப்பிட வேண்டும். அரிச்சந்திரன் துன்பமெல்லாம் துய்த்து இறுதியில் அரசு பெறுவான். திருவாரூர் தங்கராசு எழுதி எம்.ஆர். ராதா நடித்து, 1954இல் திரைப்படமுமான ‘இரத்தக்கண்ணீர்’ உண்மையான வீழ்ச்சியைக் காட்டியது. ஆனால் அயல்நாட்டிலிருந்து திரும்பிய மோகனசுந்தரத்தின் வீழ்ச்சிக்கு அவன் ஒழுக்கமே காரணம். நோய் அவனுக்குத் தண்டனை. சீர்திருத்த மேடையின் பொதுவிதி இது: தவறு செய்தவன் வீழ்கிறான், பார்ப்போர் திருந்துகின்றனர். இரவியும் அயல்நாட்டிலிருந்து திரும்பியவனே. ஆனால் நைனாவின் வீழ்ச்சியைக் கண்டு அவன் திருத்திக்கொள்ள வேண்டிய குற்றம் எது?

குடியை விட்டால் குடும்பம் உயரும் என்னும் நம்பிக்கை கெடாவில் மேடையோடு நின்றுவிடவில்லை. போருக்குப்பின் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம். சாமி தலைமையில் இயங்கிய தொண்டர் படை கள்ளுக்கடை மறியலில் இறங்கியது. தோட்டக் கள்ளுக்கடை அரசின் உரிமத்தோடு நடந்தது. எனவே ஒழுக்கச் சீர்திருத்தம் சட்ட ஒழுங்குச் சிக்கலாக மாறியது. 1947இன் தொடக்க மாதங்களில் பீடோங் வட்டாரத்தில் காவல் துறையுடன் ஏற்பட்ட மோதல்களில் உயிரிழப்பும் கைதுகளும் நேர்ந்தன, இயக்கம் ஒடுக்கப்பட்டது. திருந்த முற்பட்ட தொழிலாளியும் அடிபட்டான் என்பதே அந்நிகழ்வின் பொருள். அப்போது மணியம் அவ்வூரில் ஐந்து வயதுச் சிறுவன். இதனை அவரது படைப்போடு நேராக முடிச்சிட நான் துணியேன். எனினும் ஒழுக்கத்தை மட்டும் காரணமாகக் காட்டும் நாடகம் அவ்வூரிலிருந்து பிறக்காமல் போனதில் வியப்பில்லை.

1980களின் முற்பகுதியைச் சேர்ந்த அவரது ‘த கோர்ட்’ நாடகம் (கயிறு, கொடி என இருபொருள் தரும் தலைப்பு) இப்பிணக்கை மொழிக்குக் கொண்டு செல்கிறது. முனியாண்டியின் உடுக்கை பழைய ஊரின் ஒலி. அதிகாரம் செலுத்தும் முத்தையாவுக்கு ஆங்கிலமே தகுதிச் சின்னம். இளைஞன் இரத்தினம் அவ்வாங்கிலத்தை உடைத்து, தோட்டத்து வாய்மொழியாக்கி, முத்தையாவின் முகத்துக்கு நேரே திருப்பி எறிகிறான். நாடகத்தின் உயிர்த்துடிப்பான இடம் அதுவே; கட்டளை இட்டவரின் மொழி கட்டளை பெற்றவன் வாயில் ஏறும்போது மேலதிகாரி தடுமாறுகிறார். ஆனால் நைனாவின் இறுதி நாட்களில் நிகழ்வது இதற்கு மறுதலை. அவர் பல மொழிச் சொற்களைக் கலந்து தாமே ஒரு மந்திர மொழியை ஆக்கி, நிலத்தோடு பேச முயல்கிறார். ஆங்கிலம் கற்று மீண்ட மகனுக்கு அது விளங்குவதில்லை.