அமெரிக்கன் பீச், புளோரிடா

அமெரிக்கன் பீச் என்பது ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், நாசோ கவுண்டியைச் சேர்ந்த அமேலியா தீவின் தென்பகுதியில், அட்லாண்டிக் பெருங்கடலை ஒட்டி அமைந்துள்ள ஒரு சிறிய கடற்கரைக் குடியிருப்பு ஆகும். இனப்பாகுபாட்டுச் சட்டங்கள் நடைமுறையில் இருந்த காலத்தில், ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் தடையின்றிக் கடலாடவும், கடலோரத்தில் மனை வாங்கி வீடு கட்டிக்கொள்ளவும் இது 1935 ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டது. 2002 ஆம் ஆண்டு சனவரியில் இக்குடியிருப்பு ஐக்கிய அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. ஊரின் வரலாறு பெரும்பாலும் அதன் நிலம் யாருடைய கையில் இருந்தது என்பதன் வரலாறாகவே அமைந்துள்ளது.

அமைவிடம்

அமேலியா தீவு புளோரிடாவின் வடகிழக்கு மூலையில், ஜார்ஜியா மாநில எல்லைக்கு அருகில் உள்ளது. தீவின் வடபகுதியில் பெர்னாண்டினா பீச் நகரம் அமைந்துள்ளது. அமெரிக்கன் பீச்சுக்கு அருகிலுள்ள பெருநகரம் தெற்கே இருக்கும் ஜாக்சன்வில் ஆகும். அமெரிக்கன் பீச்சுக்கெனத் தனி நகராட்சி இல்லை. கவுண்டி நிர்வாகத்தின் கீழேயே இது இயங்குகிறது. ஆகவே நிலப் பயன்பாடு, கட்டட அனுமதி முதலியவை கவுண்டி அளவிலேயே முடிவாகின்றன.

பின்னணி

19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1960கள் வரை அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பினத்தவரைப் பொது இடங்களிலிருந்து விலக்கிவைத்த சட்டங்களும் வழக்கங்களும் ஜிம் குரோ சட்டங்கள் என அழைக்கப்படுகின்றன. பள்ளி, தொடர்வண்டி, உணவகம் ஆகியவற்றைப் போலவே கடற்கரையும் இவற்றால் பிரிக்கப்பட்டது.

புளோரிடாவில் வழக்கமான உயர் அலைக் கோட்டுக்குக் கீழே உள்ள ஈரமணல் பகுதி மக்களுக்காக மாநிலத்தின் பொறுப்பில் இருக்கும் பொதுச்சொத்து ஆகும். எனினும், அந்த மணலுக்குச் செல்லும் வழியும், அதனை ஒட்டிய உலர்ந்த நிலமும் வெள்ளையர் கையில் இருந்தபோது, பொதுச்சொத்து என்னும் சட்டநிலையால் கறுப்பின மக்களுக்குப் பயன் ஏதும் விளையவில்லை. கடலை ஒட்டிய நிலத்தைத் தாமே விலைக்கு வாங்குவது இதற்கு ஒரு தீர்வாகக் கருதப்பட்டது.

தோற்றம்

அமெரிக்கன் பீச்சை நிறுவியவர் ஆபிரகாம் லிங்கன் லூயிஸ் (1865–1947). இவர் 1901 இல் ஜாக்சன்வில் நகரில் தொடங்கப்பட்ட ஆப்ரோ-அமெரிக்கன் காப்புறுதி நிறுவனத்தின் எழுவர் நிறுவனர்களுள் ஒருவர். 1919 இல் அதன் தலைவரானார். வெள்ளையரின் நிறுவனங்கள் கறுப்பினத்தவருக்குக் காப்புறுதி வழங்கத் தயங்கிய காலத்தில், சிறுசிறு தவணைகளைப் பெற்று நோய்க்கும் ஈமச்செலவுக்கும் பணம் கொடுத்ததன் மூலம் இந்நிறுவனம் வளர்ந்தது. லூயிஸ் புளோரிடாவின் முதல் கறுப்பினக் கோடீசுவரர் எனக் குறிப்பிடப்படுகிறார்.

லூயிசின் மனைவி மேரி சாமிஸ், செனகலிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டுப் பின்னர் விடுதலை பெற்ற அன்னா கிங்ஸ்லி என்பவரின் கொள்ளுப்பேத்தி ஆவார். அன்னா தம் கணவரும் முன்னாள் உடைமையாளருமான செபனையா கிங்ஸ்லியுடன் வாழ்ந்த ஜார்ஜ் கோட்டைத் தீவு, அமேலியா தீவுக்குத் தெற்கே அண்மையில் உள்ளது.

1935 சனவரியில் நிறுவனத்தின் ஓய்வூதியப் பிரிவு அமேலியா தீவில் 33 ஏக்கர் கடலோர நிலத்தை வாங்கியது. அடுத்தடுத்து வாங்கியவற்றையும் சேர்த்து 1946 அளவில் மொத்தப் பரப்பு 216 ஏக்கராக உயர்ந்தது. முதலில் நிறுவன ஊழியர்களின் விடுமுறைக் கூடல்களுக்கு இவ்விடம் பயன்பட்டது. பின்னர் நிலம் மனைகளாகப் பிரிக்கப்பட்டு, நிறுவனத்தைச் சார்ந்தோருக்கும் தொடர்ந்து பிற கறுப்பினக் குடும்பங்களுக்கும் விற்கப்பட்டது. தெருக்களுக்கு லூயிசின் குடும்பத்தார், நிறுவனத்தின் முன்னோடிகள் ஆகியோரின் பெயர்கள் இடப்பட்டன. இழிவுக்கு ஆளாகாமல் ஓய்வும் பொழுதுபோக்கும் பெறுவது என்பதே ஊரின் குறிக்கோளாக அறிவிக்கப்பட்டது.

சிறப்புற்றிருந்த காலம்

1940களிலும் 1950களிலும் அமெரிக்கன் பீச் அதன் உச்சநிலையில் இருந்தது. கோடைக்கால ஞாயிற்றுக்கிழமைகளில் புளோரிடா, ஜார்ஜியா ஆகிய மாநிலங்களிலிருந்து பேருந்துகளிலும் மகிழுந்துகளிலும் மக்கள் வந்து குவிந்தனர். வழியில் பெரும்பாலான விடுதிகளும் உணவகங்களும் தங்களை ஏற்காத நிலையில், தங்குமிடமும் உணவும் இசையும் ஒருங்கே கிடைத்த இவ்வூர் அவர்களுக்கு அரிய இடமாக இருந்தது. எவன்ஸ் ராண்டவூ என்ற உணவு, நடன அரங்கம் இவற்றுள் புகழ்பெற்றது. எழுத்தாளர் சோரா நீல் அர்ஸ்டன், இசைக்கலைஞர்கள் கேப் காலோவே, ரே சார்லஸ், குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ், அடிபந்தாட்ட வீரர் ஹாங்க் ஆரன் முதலியோர் இங்கு வந்தவர்களுள் அடங்குவர்.

1964 ஆம் ஆண்டின் இரு நிகழ்வுகள்

1964 யூலை 2 அன்று குடியுரிமைச் சட்டம் கையெழுத்தானது. விடுதிகள், உணவகங்கள் முதலியவற்றில் இனப்பாகுபாடு சட்டப்படி தடைசெய்யப்பட்டது. சரியாகப் பத்து வாரங்கள் கழித்து, செப்டம்பர் 10 அன்று, டோரா சூறாவளி வடகிழக்குப் புளோரிடாவில் கரை கடந்தது. அமெரிக்கன் பீச்சில் பல வீடுகளும் கடைகளும் சேதமடைந்தன.

சூறாவளி கட்டடங்களை அழித்தது. சட்டமோ அவற்றைத் திரும்பக் கட்டுவதற்கான வணிகக் காரணத்தைக் குறைத்தது. இதுவரை மூடப்பட்டிருந்த பிற கடற்கரைகள் திறந்துவிடப்பட்டதால், இளைய தலைமுறையினர் அங்கும் செல்லத் தொடங்கினர். வாடிக்கையாளர் குறைந்தமையால் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சம உரிமை கிடைத்தபின் கறுப்பினத்தவரின் தனி வணிக நிலையங்கள் நலிவடைவது அக்காலத்தில் தென்மாநிலங்களின் பல நகரங்களில் காணப்பட்ட நிலையே ஆகும்.

நில உடைமையும் இழப்பும்

1970களில் அமேலியா தீவின் தென்பகுதியில் பெரிய அளவிலான உல்லாச விடுதித் திட்டம் ஒன்று உருவானது. கனிம அகழ்வுக்காக ஒரு நிறுவனம் வாங்கி வைத்திருந்த நிலத்தை, தென் கரோலினாவின் இல்டன் ஹெட் தீவில் இத்தகைய திட்டத்தை முன்னரே நடத்திய சார்லஸ் பிரேசரின் நிறுவனம் வாங்கி, அமேலியா ஐலண்ட் பிளாண்டேசன் என்ற பெயரில் குழிப்பந்தாட்டத் திடல்களும் மாளிகைகளும் அமைத்தது. அருகில் இருந்த, விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர் வாழ்ந்த பிராங்க்ளின்டவுன் என்னும் சிற்றூர் இக்காலத்தில் மறைந்தது. அதன் தேவாலயம் அமெரிக்கன் பீச்சுக்கு இடம் மாற்றப்பட்டது. அமெரிக்கன் பீச்சை ஒட்டிய நிலங்களும் காலப்போக்கில் விடுதி நிறுவனத்தின் வசமாயின.

அயலில் நிலவிலை உயர்வது, சிறு மனையின் உரிமையாளருக்கு ஆதாயமாகத் தோன்றினும், அந்த மனையைத் தொடர்ந்து வைத்திருப்பதைக் கடினமாக்குகிறது. இதற்குப் பொதுவாக இரண்டு காரணங்கள் கூறலாம்.

முதலாவது சொத்துவரி. வரி, நிலத்தின் மதிப்பீட்டை அடிப்படையாகக் கொண்டது. 1992 இல் புளோரிடா வாக்காளர்கள் ஏற்ற அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, உரிமையாளர் நிரந்தரமாகக் குடியிருக்கும் வீட்டின் மதிப்பீடு ஆண்டுக்கு 3 விழுக்காட்டுக்கு மேல் உயரக்கூடாது. கோடைக்கால வீடுகளுக்கு இப்பாதுகாப்பு இல்லை. அவற்றுக்கு 10 விழுக்காடு என்ற வரம்பு 2008 இலேயே ஏற்கப்பட்டது. வேறிடத்தில் வாழ்ந்துகொண்டு பாட்டனாரின் கடற்கரை வீட்டை வைத்திருக்கும் குடும்பத்துக்கு இவ்வேறுபாடு பெரிதாகும்.

இரண்டாவது வாரிசுரிமை. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவரது நிலம் பாகம் பிரிக்கப்படாமல் வாரிசுகள் அனைவருக்கும் பொதுவாகிறது. இரண்டு, மூன்று தலைமுறைகள் கடந்தால் ஒரே மனைக்குப் பலர் பங்காளிகளாகின்றனர். அவர்களுள் ஒருவரோ, அவரது பங்கை வாங்கிய வெளியாரோ நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை கோரலாம். சிறிய மனையைத் துண்டாட இயலாதபோது முழுவதையும் ஏலத்தில் விற்று, தொகையைப் பங்கிட நீதிமன்றம் ஆணையிடுவது வழக்கம். தென்மாநிலங்களில் கறுப்பினக் குடும்பங்கள் நிலம் இழந்தமைக்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 2020 இல் புளோரிடாவில் நடைமுறைக்கு வந்த வாரிசுச் சொத்துப் பாகப்பிரிவினைச் சட்டம், விற்பனை கோருபவரின் பங்கை மதிப்பிட்ட விலைக்கு வாங்கும் வாய்ப்பை முதலில் மற்றப் பங்காளிகளுக்கு வழங்குகிறது. விற்றே ஆகவேண்டிய நிலையிலும் ஏலத்தைவிடச் சந்தைவிலை விற்பனைக்கு முன்னுரிமை அளிக்கிறது.

மவீன் பெட்ச்

கடற்கரைப் பெண்மணி என்று அழைக்கப்பட்ட மவீன் பெட்ச் (1935–2005), லூயிசின் கொள்ளுப்பேத்தி ஆவார். ஓபர்லின் இசைக் கல்லூரியில் 1955 இல் பட்டம் பெற்று, செருமனியில் இசைநாடகப் பாடகியாகப் பணியாற்றினார். நாடு திரும்பியபின் தமக்குக் கிடைத்த குடும்பச் சொத்து முழுவதையும் சுற்றுச்சூழல் அமைப்புகளுக்கு வழங்கினார். பின்னர் அமெரிக்கன் பீச்சிலேயே தங்கி, சில காலம் கடற்கரையில் சாய்வு நாற்காலியில் உறங்கி வாழ்ந்தார். வருவோருக்கு ஊரின் வரலாற்றைக் கூறுவதும், கட்டுமானத் திட்டங்களை எதிர்த்துக் கடிதங்கள் எழுதுவதும் அவரது அன்றாடப் பணிகளாயின. குடியரசுத் தலைவர் ரேகனின் சுற்றுச்சூழல் கொள்கைகளை எதிர்க்கும் வகையில், மார்வீன் என்ற தம் பெயரிலிருந்து ரேகனின் முதலெழுத்தை நீக்கிக்கொண்டார். இவரது தங்கை ஜானெட்டா கோல், 1987 இல் ஸ்பெல்மன் கல்லூரியின் தலைவராகப் பொறுப்பேற்ற முதல் கறுப்பினப் பெண் ஆவார்.

நானா மணற்குன்று

ஊரை ஒட்டியுள்ள ஏறத்தாழ 60 அடி உயரமான மணற்குன்றுக்கு மவீன் நானா எனப் பெயரிட்டார். மேற்கு ஆப்பிரிக்காவின் அக்கான் மொழியில் இது மூத்தோரை மதிப்புடன் அழைக்கும் சொல்லாகும். கடற்காற்று கொணரும் மணலைக் கரையோரப் புல்லின் வேர்கள் பிடித்து நிறுத்துவதால் இத்தகைய குன்றுகள் உருவாகின்றன. புயலின்போது இவை உட்பகுதிக்கு அரணாக நிற்கின்றன. விடுதி நிறுவனத்தின் உடைமையாயிருந்த இக்குன்று, மவீனின் நீண்டகால முயற்சிக்குப்பின் 2004 இல் தேசியப் பூங்காச் சேவையிடம் ஒப்படைக்கப்பட்டு, டிமுக்குவா சூழலியல், வரலாற்றுக் காப்பகத்தின் பகுதியானது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று மவீன் புற்றுநோயால் காலமானார்.

இன்றைய நிலை

எவன்ஸ் ராண்டவூ கட்டடம் கவுண்டியின் பொதுச்சொத்தாகியுள்ளது. மவீன் தம் வாழ்நாளில் ஒரு பழைய ஊர்தியில் படங்களையும் ஆவணங்களையும் வைத்து நடத்திய சிறு காட்சியகத்தின் கனவு, அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகளின்பின், 2014 இல் திறக்கப்பட்ட ஊர் அருங்காட்சியகத்தில் நிறைவேறியது. ஜான் சேல்ஸ் இயக்கி 2002 இல் வெளியான சன்ஷைன் ஸ்டேட் என்னும் திரைப்படத்தில் வரும் லிங்கன் பீச் என்ற கற்பனை ஊருக்கு அமெரிக்கன் பீச் தூண்டுதலாக அமைந்தது.

பதிவேட்டில் இடம்பெற்றது ஊருக்கு மதிப்பைத் தந்துள்ளது. ஆயினும் தேசியப் பதிவேடு, தனியார் தம் பணத்தில் தம் வீட்டை விற்பதையோ இடிப்பதையோ தானாகத் தடுப்பதில்லை. பூங்காச் சேவையின் காவலில் உள்ள மணற்குன்று நிலைத்திருக்கும். அதன் நிழலில் உள்ள பழைய வீடுகள் நிலைப்பது, அவற்றின் பங்காளிகள் ஒன்றுபட்டு வரி செலுத்தி, உரிமைப் பத்திரத்தைத் தெளிவாக வைத்துக்கொள்வதையே பெரிதும் சார்ந்துள்ளது.

இவற்றையும் பார்க்க

அமேலியா தீவு
ஜாக்சன்வில்
ஜிம் குரோ சட்டங்கள்
டோரா சூறாவளி